நாலாம் ரூமும் ஆறு போத்தலும்

உம்மம்மாட வெத்திலை வட்டாவைத் திறந்தால் ஒரு மணம் வரும். பாக்கு, சுண்ணாம்பு, காய்ந்த வெத்திலைக் காம்பு எல்லாத்துக்கும் மேலே போயிலை. அந்த மணம் எங்கட வீட்டை விட்டுப் போய் எட்டு வருஷம். போன ஸீசனில் அறுகம்பேயில், ஒரு இத்தாலிக்காரர் வாயால் விட்ட ஆவியில் அது திரும்பி வந்தது. நான் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிண்டுட்டன்.

அறுகம்பேயை நாங்கள் உல்லை என்போம். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் வரை அங்கே ஸீசன். அந்த மாதங்களில் கெம்பஸ் லீவு விழுந்தால் ஒலுவிலிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பொத்துவிலுக்கு இன்னொரு பஸ் என்று மாறி மாமாவின் கெஸ்ட் ஹவுஸுக்குப் போய்விடுவேன். ஆறே ஆறு ரூம். துவாய் மாற்றுவது, காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி எடுத்துவருவது, பீனட் ஃபார்முக்கும் விஸ்கி பொயின்ட்டுக்கும் ஓட்டோ பிடித்துக் கொடுப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் என் வேலை. சம்பளம் என்று ஒண்டு இல்லை. போகும்போது மாமா சட்டைப்பைக்குள் எதையாவது திணிப்பார்.

இத்தாலிக்காரர் நாலாம் ரூமில் மூன்று கிழமை நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஊரில் தச்சு வேலையாம். விடியற்காலையில் பலகையைத் தூக்கிக்கொண்டு மெயின் பொயின்ட்டுக்குப் போவார். பத்து மணிக்குக் காற்று எழும்பினதும் திரும்பி வருவார். மறுகா பின்னேரம் வரைக்கும் விறாந்தைக் கதிரைதான். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் சின்னச் சின்னதாய் ஆறு கண்ணாடிப் போத்தல், ஒரு கட்டை ஸ்குரூ டிரைவர், கம்பிச் சுருள், கொஞ்சம் பஞ்சு.

வேப் எனக்குப் புதுசில்லை. எங்கட பெச்சிலேயே நாலைந்து பேரிடம் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் வருகிற, முடிந்ததும் வீசுகிற சாமான். மெங்கோ ஐஸ், புளூபெரி, தர்ப்பூசணி என்று வகை வகையாக வரும். ஹொஸ்டல் பாத்ரூமில் யாரோ பபிள்கம் மென்றது போல மணக்கும். இவருடையது வேறு. இரும்புக் குழாய் மாதிரி ஒண்டு. கம்பியைத் தானே சுற்றி, பஞ்சைத் தானே திணித்து, அதில் நாலைந்து சொட்டு விட்டு மெதுவாக இழுப்பார். அந்தச் சொட்டு மண்ணிறமாக, தேயிலைச் சாயம் போல இருந்தது. மெங்கோ ஐஸ் எல்லாம் தண்ணி மாதிரித் தெளிவாக இருக்குமே, இது என்ன இப்படி என்று கேட்டேன். அவருக்கு இங்கிலிஸ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. "இலை," என்றார். "உண்மையான இலை."

*

அவர் சொன்னதையும் பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். வேப் திரவம் என்பது பெரும்பாலும் இரண்டு சாமானின் கலவை. ஒன்று புரொப்பிலீன் கிளைக்கோல், மற்றது கிளிசரின். இரண்டையும் சூடாக்கினால் ஆவி வரும். அதற்குள் நிகொட்டினும் வாசனையும் சேர்ப்பார்கள். கடையில் 'டொபேக்கோ' என்று எழுதியிருக்கும் திரவங்களில் அதிகமானவற்றில் புகையிலை வாசனை, ஆய்வுகூடத்தில் பல இரசாயனங்களைக் கூட்டிச் செய்தது. ரோஸ் எசன்ஸில் ரோசாப்பூ இல்லாத மாதிரித்தான்.

இவருடைய போத்தல்கள் அப்படி வந்தவை இல்லை. பதப்படுத்திய புகையிலை இலையை நறுக்கி, கிளைக்கோலில் ஊறப் போடுகிறார்கள். சிலர் கிழமைக் கணக்கில் குளிர ஊறவைப்பார்கள், சிலர் இளஞ்சூட்டில் வைத்துக் கெதியாக எடுப்பார்கள். மதுசாரத்தில் ஊறவைத்து, பிறகு மதுசாரத்தை ஆவியாகப் போகவிடுகிற முறையும் உண்டு. எப்படி எடுத்தாலும் கடைசியில் திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். எவ்வளவு வடித்தாலும் இலையின் சீனி, மெழுகு, நிறம் எல்லாம் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அதனால்தான் மண்ணிறம். அதனால்தான் அவருடைய கம்பிச் சுருள் ஒரே நாளில் கருகிக் கட்டிபிடித்துவிடும். மெங்கோ ஐஸ்காரன் கிழமைக்கணக்கில் இழுப்பதை இவர் தினமும் கழற்றி, கம்பியைச் சிவக்கச் சுட்டு, கழுவி, புதுப் பஞ்சு வைப்பார். உம்மம்மா பாக்குவெட்டியைத் துடைத்து வைக்கிற அதே பக்குவம்.

இதை வட்ஸ்அப்பில் என் ரூம்மேட்டுக்குச் சொன்னேன். அவன் யாழ்ப்பாணம். அவன்ட அப்பப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். "இதென்னடாப்பா புதினம், இது எங்கட கோடாதானே," என்று பதில் போட்டான். புகையிலைக் காம்பை அவித்து, பனங்கட்டி போட்டுக் காய்ச்சி எடுக்கிற சாறுதான் கோடாவாம். அதில் இலையைத் தோய்த்துத்தான் சுருட்டுச் சுற்றுவார்களாம். கொட்டிலுக்குக் கொட்டில் கோடா வேறு வேறு. வாயில் வைத்தே எந்தக் கொட்டில் என்று சொல்கிற கிழவர்கள் இருந்தார்கள் என்றான். யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரைக்கும் கப்பலேறிய சரக்கு. ஆக, இலையின் சாறை இறக்கி ருசி பார்க்கிற வேலை இத்தாலியில் தொடங்கினது என்று நாங்கள் நினைக்கத் தேவையில்லை.

*

இனி அந்த ஆறு போத்தல்.

முதலில் ருசி பார்க்கிற முறையைச் சொல்லித் தந்தார். நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. வாய்க்குள் எடுத்து, நாக்கில் கொஞ்சம் நிற்கவிட்டு, மூக்கால் விட வேண்டும். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் சீனியில்லாத பிளேன்ரீ ஒரு மிடறு. எல்லாப் போத்தலும் நிகொட்டின் சேர்க்காதது. ஆனாலும் இலையிலிருந்தே கொஞ்சம் வந்திருக்கும், சுத்தமாக இல்லை என்று நினைக்காதே என்றும் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு போத்தல்தான். ஆறு நாள் பின்னேரம். நான் மாமாவின் கணக்குக் கொப்பியின் பின் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கொப்பி இப்பவும் என்னிடம்தான் இருக்கிறது, மாமாவுக்கு வேறு கொப்பி வாங்கிக் கொடுத்தாச்சு.

வர்ஜீனியா. இந்த இலையைச் சூளை வைத்த கொட்டகையில், புகை படாமல், வெறும் சூட்டில் காயவைக்கிறார்கள். அப்போது இலையில் சீனி தங்கிவிடும். கொப்பியில் நான் எழுதியிருப்பது: 'சூடடிச்ச களம். வைக்கல். வெயில்.' பொத்துவில் வயலில் சூடடிப்பு முடிந்த பிறகு வைக்கோல் குவியலில் படுத்துக் கிடந்தால் மூக்குக்குள் வருமே ஒரு இனிப்பு, அதுதான். இலங்கையில் சிகரெட்டுக்குப் பயிரிடுகிற இலையும் பெரும்பாலும் இந்த வகைதானாம். அப்படியென்றால் நான் மூன்று வருஷமாக இழுத்தது இதைத்தான். ஆனால் ஒரு நாளும் வைக்கோல் மணத்ததில்லை.

பேர்லி. இது காற்றில் தொங்கவிட்டுக் காய்வது, சீனி குறைவு. 'உப்புப் போடாத வறுத்த கச்சான். கடைசியில் கொக்கோத் தூள்.' பீனட் ஃபார்ம் என்று நான் சொல்ல, அவருக்கு விளங்கி, கதிரை ஆடச் சிரித்தார். ஆறில் எனக்கு மிகச் சாதுவாகத் தெரிந்தது இது. முதல் இழுவையில் ஒன்றுமில்லாத மாதிரி இருந்து, மூன்றாவதில்தான் வரும்.

ஓரியன்டல். துருக்கி, கிரேக்கப் பக்கத்துச் சின்ன இலை, வெயிலில் காய்வது. இதை எழுதத்தான் கஷ்டப்பட்டேன். 'புதுத் தோல் செருப்பு' என்று எழுதி வெட்டி, 'அத்தர் முடிஞ்ச போத்தல்' என்று எழுதி, அதையும் வெட்டியிருக்கிறேன். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் காய்ந்த பூ. பெருநாள் உடுப்பு மடித்து வைத்த பெட்டியைத் திறந்த மாதிரி என்பதை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

பெரிக். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் சென்ட் ஜேம்ஸ் என்ற ஒரே பகுதிக்குப் பேர்போன இலை. விஸ்கிப் பீப்பாய்க்குள் இலையை அடைத்து, மேலே அழுத்தம் கொடுத்து, தன் சாற்றிலேயே மாதக்கணக்கில் புளிக்க விடுவார்கள். இதைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோன்புக்குப் பள்ளியில் கொடுத்த ஈச்சம்பழம் மிஞ்சி, டப்பாவில் மறந்து போய்ப் புளித்தால் எப்படி மணக்கும்! அதோடு மூக்கின் உள்ளே மிளகு பட்ட கடி. கொஞ்சமாகக் கலந்தால்தான் நல்லது, தனியாக எடுத்தால் ஆளை அடிக்கும் என்றார். எடுத்தேன், அடித்தது, ஐந்து நிமிஷம் தும்மினேன்.

கென்டக்கி. விறகுத் தீயில் புகை காட்டிய இலை. இத்தாலியில் தொஸ்கானோ என்று கோணல்மாணலாக ஒரு சுருட்டு இருக்கிறது, அது இந்த இலையில்தான் செய்வது. 1815இல் புளோரன்ஸில் காயப் போட்டிருந்த புகையிலை மழையில் நனைந்து புளித்துப் போனதாகவும், வீசாமல் அதை ஏழைகளுக்கு மலிவாகச் சுருட்டிக் கொடுக்க, அந்த ருசியே நிலைத்துவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். அவருடைய வாப்பா அதை ஒரு நாளைக்கு இரண்டு குடிப்பாராம், பாதி பாதியாக வெட்டி. இந்த ஒரு போத்தல் மட்டும் அவர் தானே வீட்டில் ஊறவைத்து எடுத்தது. 'மழைக்கால அடுப்படி. ஈர விறகு. உம்மா ஊதாங்குழலால ஊதுறா.'

கடைசி லத்தாக்கியா. சிரியாவின் துறைமுகப் பட்டினத்தின் பேர் அது, அரபில் அல்லாதிக்கிய்யா. ஓரியன்டல் இலையையே கொட்டகையில் தொங்கவிட்டு, மரங்களையும் வாசனைச் செடிகளையும் எரித்து, நாள்கணக்கில் புகை ஏற்றுவார்கள். இப்போது சைப்பிரஸில்தான் முக்கியமாகச் செய்கிறார்களாம். முதல் நாள் விறாந்தையில் என்னை நிற்பாட்டினது இந்த மணம்தான். கொப்பியில் ஒரே சொல்: 'மாசி.' கருங்கல் மாதிரி இறுகின மாசிக்கருவாட்டை இடிக்கும்போது எழும்புகிற மணம். அதற்குப் பின்னால், கொஞ்சம் பொறுத்தால், உம்மம்மாட வட்டா.

ஏன் என்று ரூம்மேட்டிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் வாய்க்குப் போடுகிற புகையிலையையும் குடிலுக்குள் தொங்கவிட்டுத் தென்னம் பொச்சு எரித்துப் புகை போடுவார்கள் என்றான். சிரியாவில் மரம், யாழ்ப்பாணத்தில் பொச்சு. இரண்டு இடத்திலும் ஆட்கள் ஒருவரை ஒருவர் கேட்காமலே இலைக்குப் புகை ஊட்டியிருக்கிறார்கள். உம்மம்மா வாங்கினது எப்பவும் யாழ்ப்பாணப் போயிலைதான். கல்முனைச் சந்தைக்கு யாரும் போனால், "சப்பல் போயில வாங்கிராத மனே, மணத்திப் பாத்து வாங்கு" என்று சொல்லி அனுப்புவா.

*

இவ்வளவும் சந்தோஷமான பகுதி. ஆறு நாளும் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிப் போகும்.

இனி என் கதை. கெம்பஸுக்கு வந்த முதல் வருஷத்தில் சிகரெட் பழகினேன். அப்போது எனக்கு வயது 20. புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்கக் கூடாது. என்னிடம் யாரும் வயது கேட்டதில்லை. சிகரெட் பெட்டியில் 80 வீதம் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்றும் விதி. வாய்ப் புற்றுநோய்ப் படம்கூட வரும். ஆனால் என்னை மாதிரி ஆட்கள் பெட்டியாக வாங்குவதில்லை. ஒண்டு ஒண்டாக வாங்குவோம். படம் கடைக்காரரோடு நின்றுவிடும், சிகரெட் மட்டும் எங்களோடு வரும்.

பிறகு கராம்பு, மின்ட், கையில் சவர்க்காரம். வீட்டுக்குப் போகிற நாளில் பஸ் ஏறினதிலிருந்து குடிக்க மாட்டேன். உள்ளி, வெங்காயம் தின்றுவிட்டு அந்த வாயோடு பள்ளிக்கு வராதீர்கள் என்று ஹதீஸ் இருக்கிற ஊரில், ஜும்ஆவில் பக்கத்தில் நிற்பவருக்கு மணந்துவிடுமோ என்ற பயம் வேறு. நோன்பு காலத்தில் பகல் முழுக்கத் தாங்குவேன். மஃரிபுக்கு ஈச்சம்பழம் வாயில் இருக்கும்போதே மனசு வீட்டுக்குப் பின்னால் நிற்கும். இதையெல்லாம் நான் 'எனக்கு டேஸ்ட் பிடிச்சிருக்கு' என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆறாம் நாள் பின்னேரம் அந்தப் பொய் பிடிபட்டது. லத்தாக்கியாவை எடுத்து, மூக்கால் விட்டு, மாசி, வட்டா, உம்மம்மா என்று எல்லாம் எழுதி முடித்துக் கொப்பியை மூடினேன். அரை மணித்தியாலம் போயிருக்காது, கால் தானாகப் பெட்டிக்கடைக்கு நடந்தது. ஒரு சிகரெட் வாங்கி, பாலத்தடியில் நின்று பற்றவைத்தேன். அன்று வேண்டுமென்றே ருசி தேடினேன். அவர் சொல்லித் தந்த மாதிரி வாயில் நிற்கவிட்டு மூக்கால் விட்டேன். வைக்கோலும் இல்லை, கச்சானும் இல்லை. கருகின கடதாசி. நாக்கில் ஒரு கைப்பு. ஆனால் நெஞ்சுக்குள் இழுத்த இரண்டாவது இழுவையிலேயே தோள்பட்டை தளர்ந்தது. நாள் முழுக்க உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அடங்கினது.

புகையோடு உள்ளே போகிற நிகொட்டின் பத்து இருபது செக்கனுக்குள் மூளைக்குப் போய்விடும் என்று வாசித்திருந்தேன். வாசித்ததும் தெரிந்ததும் வேறு வேறு. எனக்கு ருசியான ஆறு போத்தல் என்னைக் கூப்பிடவில்லை. மூடி வைத்துவிட்டு எழும்ப முடிந்தது. ருசியே இல்லாத ஒரு சிகரெட் என்னை எழுப்பிக் கொண்டுபோனது. மூன்று வருஷமாகப் புகையிலை குடித்தவனுக்குப் புகையிலையின் ருசி என்னவென்று ஒரு கிழமைக்கு முந்தி வரைக்கும் தெரியாது.

இதை அவரிடம் சொன்னேன். அப்படியே இன்னொன்றும் சொன்னேன்: "நானும் இதுக்கு மாறினா சிகரெட்டை விட்டிரலாம்." அவர் சிரிக்கவில்லை. தான் சிகரெட்டை விட்டு எட்டு வருஷம் என்றார். இந்த ஆறு போத்தல் பின்னேர விளையாட்டுக்கு, மற்றபடி பையில் நிகொட்டின் சேர்த்த போத்தல் ஒண்டு இருக்கிறது, அது இல்லாமல் விமானம் ஏற முடியாது என்றார். பிறகு இரும்புக் குழாயைத் தூக்கிக் காட்டி, சிகரெட்டை நான் விட்டேன், இது என்னை விடவில்லை என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். நெஞ்சு மட்டும் முந்திய மாதிரி இல்லை, அலைக்கு வெளியே கை வலித்து நீந்தும்போது மூச்சு முட்டுவதில்லை என்றும் சொன்னார். இரண்டையும் சொன்னார். அதனால்தான் அவரை நம்பினேன்.

*

வந்து கொஞ்சம் வாசித்தேன். ஈ-சிகரெட்டை இன்றைய வடிவில் 2003இல் செய்தவர் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர். அவரும் கடுமையாகப் புகைத்தவர், அவருடைய தகப்பனார் நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம், வேப் சிகரெட்டை விடச் சுமார் 95 வீதம் தீங்கு குறைந்தது என்று ஒரு கணிப்பை வெளியிட்டது. அந்த எண் எப்படி வந்தது என்று மருத்துவ உலகத்தில் பெரிய சண்டையே நடந்தது. அதே 2015இல் கிரேக்க இதய மருத்துவர் கொன்ஸ்டன்டினோஸ் ஃபர்சலினோஸும் கூட்டாளிகளும், இலையிலிருந்து எடுத்த திரவத்தையும் செயற்கை வாசனைத் திரவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இலைத் திரவத்தில் நைட்ரேட் போன்ற சில சாமான்கள் கூடுதல். சிகரெட்டோடு வைத்துப் பார்த்தால் இரண்டுமே மிகக் குறைவு. இலையை ஊறப் போட்டால் மணம் மட்டும் இறங்கி, மற்றதெல்லாம் இலையிலேயே நின்றுவிடாது என்று நான் விளங்கிக்கொண்டேன். சிகரெட் குடிப்பவனுக்கு 'குறைவு' என்பது நல்ல செய்தி. ஒன்றும் குடிக்காத என் தம்பிக்கு அந்தச் சொல்லால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவனுக்கு இப்போதிருப்பது பூச்சியம்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஒரு வேடிக்கை. 2016இல் வந்த ஒழுங்குவிதிகள் புகையில்லாப் புகையிலைப் பொருள்களையும், வாசனையோ நிறமோ இனிப்போ சேர்த்த சிகரெட்டுகளையும், புகையிலை அடங்கிய ஈ-சிகரெட்டுகளையும் தடைசெய்தன. இந்தியா 2019இல் ஈ-சிகரெட்டையே முழுசாகத் தடைசெய்தது. எங்கட விதியில் இருக்கிற 'புகையிலை அடங்கிய' என்ற சொற்களை நான் வாசிக்கிற மாதிரி வாசித்தால், உண்மையான இலையை ஊறவைத்த அந்த ஆறு போத்தல்தான் தடைக்குள் முதலில் வரும். புகையிலையே கண்ணில் படாத மெங்கோ ஐஸ்காரன் 'இதில் எங்கே புகையிலை?' என்று கேட்பான். இரண்டுக்குள்ளும் எது எங்கட வயசுப் பிள்ளைகளுக்காகச் செய்தது என்று உங்களுக்கே தெரியும். மாசி மணக்கிற சாமானை எந்தப் பதினாறு வயதுப் பிள்ளையும் கேட்டு அழாது.

*

உம்மம்மாவுக்குக் கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. சுண்ணாம்பு சுட்டது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம், அவவும் அப்படித்தான் சொன்னா. வாய் திறக்கக் கஷ்டம் என்ற பிறகுதான் காட்டினோம். மகரகமைக்கு அனுப்பினார்கள். வெட்டி, கதிர் பிடித்து, எட்டு வருஷமாக அல்ஹம்துலில்லாஹ் இருக்கிறா. வலப்பக்கத் தாடையில் பாதி இல்லை. சோற்றைக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். வெத்திலைக்குள் போயிலை வைத்தால் புற்றுநோய் வரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே சொன்னது. 2004இல், போயிலை இல்லாமல் பாக்கோடு போட்டாலும் வரும் என்றது. அந்த வருஷங்களில் எங்கட வீட்டில் கலியாணத்துக்கு வந்த எல்லாருக்கும் முதலில் நீட்டினது வட்டாதான்.

ஹொஸ்பிட்டலால் வந்த அன்றே உம்மா வட்டாவைக் கழுவி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டா. உம்மம்மா அதற்குப் பிறகு கேட்டதேயில்லை.

இத்தாலிக்காரர் போகும்போது லத்தாக்கியாப் போத்தலை எனக்குத் தரப் பார்த்தார். வேண்டாம் என்றேன். என்னை எனக்குத் தெரியும். பஞ்சில் மட்டும் ஒரு சொட்டு விட்டுக் கேட்டேன். காலியான மருந்து டப்பாவுக்குள் அதைப் போட்டு இறுக்கி மூடிக் கொண்டுபோனேன். லீவு முடிய முந்தி ஒரு பின்னேரம், உம்மா அசறுக்குத் தொழுதுகொண்டிருந்த நேரம், உம்மம்மாட கட்டிலில் இருந்து டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். செய்தது சரியா என்று இப்பவும் தெரியாது.

கண்ணை மூடினா. கொஞ்ச நேரம் ஒண்டும் பேசல்ல.

"யாழ்ப்பாணப் போயில," என்றா. பேச்சு இப்போது தெளிவாக வராது, ஆனால் இது விளங்கியது. "புகை கூடிப் போச்சு."

"சாமான் நல்லமா உம்மம்மா?"

"நல்ல சாமான்." டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, தானே மூடியைத் திருகினா. இறுக்கமாகத் திருகினா. பிறகு என் கையைப் பிடித்து, விரல் நுனியை மூக்குக்குக் கொண்டுபோனா. நான் அன்று கராம்பும் போட்டிருந்தேன், சவர்க்காரமும் போட்டிருந்தேன்.

"எத்தன நாளா மனே?"

மூன்று வருஷம் என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவவிடம் சொன்னேன். ஏசவில்லை. டப்பாவைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை விலக்கி, வெட்டின பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே இருந்தா. எட்டு வருஷமாக யாருக்கும் காட்டாத பக்கம் அது. உம்மா சலாம் கொடுத்து எழும்புகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் அப்படியேதான் இருந்தோம்.

இதை எழுதுகிற இன்றைக்கு இருபத்தி மூன்று நாள். நடுவில் இரண்டு தடவை தவறினேன், அதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். வேப்புக்கு மாறவில்லை. ஒலுவில் சந்தியில் சிகரெட் மணத்தால் கால் இன்னும் தயங்குது. தயங்கும்போது அந்தக் கொப்பியில் எழுதினதை நினைத்துப் பார்க்கிறேன்: வைக்கோல், கச்சான், பெருநாள் உடுப்பு, புளித்த ஈச்சம்பழம், அடுப்படி, மாசி. சந்தியில் மணக்கிறது இதில் ஒன்றும் இல்லை.